குட்டி போகிறது, கணக்கு எங்கே? பரளச்சி வட்டார நாய் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி, அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கிற பெரியவர்களே, அண்ணன்மாரே, தம்பிகளே, கிடை போடும் கீதாரிமாரே,

உங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மனத்தாங்கலை முதலில் இறக்கிவைத்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டை குட்டி போட்டால், குட்டி கண் திறக்கும் முன்பே கைப்பேசியில் படம் போய்விடுகிறது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் முன்பணம் வந்துவிடுகிறது. பால்குடி மறந்தும் மறக்காமலும் குட்டிகள் அட்டைப்பெட்டியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகின்றன. காசு வாங்குவதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மழை பொய்த்து மிளகாயும் பருத்தியும் கைவிட்ட வருடத்தில் ஒரு ஈத்துக் குட்டிதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தது என்று சொல்லும் வீடுகள் நம் பக்கம் உண்டு. என் மனத்தாங்கல் வேறு. போன குட்டி எந்தக் கடுவனுக்குப் பிறந்தது, தாய்க்கு அது எத்தனையாவது ஈத்து, யார் வீட்டுக்குப் போனது, அங்கே உயிரோடு இருக்கிறதா என்பதற்கு உங்களில் பெரும்பாலோரிடம் எழுத்தில் ஒரு வரி கிடையாது. பருத்தி போட்டால் சிட்டை இருக்கிறது. ஆடு விற்றால் எத்தனை உருப்படி, என்ன விலை என்று குறிப்பு இருக்கிறது. நாய்க்கு மட்டும் எல்லாம் வாய்ச்சொல்.

வாங்க வருகிறவர், “ஒரிஜினல்தானா அண்ணே?” என்கிறார். “அசல் சிப்பிப்பாறை தம்பி, எங்க தாத்தா காலத்து வம்சம்” என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் கிரேஹவுண்ட் கலந்த குட்டியை விற்கிறவரும் இதே வாசகத்தைத்தான் சொல்கிறார், இதே குரலில், இதே உறுதியோடு. உங்கள் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வாங்குகிறவரிடம் என்ன இருக்கிறது? அதைவிட முக்கியமாக, உங்களிடம் என்ன இருக்கிறது? உங்கள் தாத்தா செத்துப்போனார். அவர் வைத்திருந்த கடுவனின் பெயர் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாது. வம்சம் என்று நாம் சொல்வதெல்லாம் இரண்டு பேரின் ஞாபகத்தில் நிற்கிறது.

கிரேஹவுண்டைப் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். பந்தயத்துக்கு ஓடவேண்டும், பார்வைக்கு உயரமாக இருக்கவேண்டும் என்று சிலர் கலக்கிறார்கள். கிரேஹவுண்ட் சீரான தடத்தில் சில நூறு மீட்டர் பாய்வதற்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட நாய். நம் நாய் அப்படி வந்ததல்ல. பாளம் பாளமாக வெடித்த கரிசலில், கம்பந்தட்டைக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் நடுவே, சித்திரை வெயிலில், கம்பங்கூழும் மோரும் குடித்து ஓடிய நாய். ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, குட்டை மயிர் எல்லாம் இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் ஏற்ப அமைந்தவை. கலப்பின் முதல் தலைமுறை உயரமாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும். விலையும் கூடப் போகும். அதன் பெட்டைக்குட்டி நம் ஊர்க் கடுவனோடு சேரும். அதன் குட்டி மறுபடி சேரும். நான்கு ஈத்து கழித்துப் பார்த்தால் வெளியே சிப்பிப்பாறைதான் தெரியும். உள்ளே எது எவ்வளவு என்று கலந்தவருக்கே தெரியாது. எழுதிவைக்காத ஊரில் கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதைக் கலக்கிறவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அந்த நாட்டுச் சாப்பாடு வரைக்கும் பெயர் சொல்கிறார்கள். அந்த நாட்டு நாயைப் பற்றி மட்டும் நாம் யாரும் பேசிக் கேட்கவில்லை.

தென்கொரியாவின் தென்மேற்கு மூலையில் ஜிண்டோ என்று ஒரு தீவு. அங்கே விறைத்த காதும் சுருண்ட வாலும் உள்ள, வெள்ளையும் செவலையுமான ஒரு வேட்டை நாய். தீவின் பெயரே அதன் பெயர். சிப்பிப்பாறை என்ற ஊர்ப்பெயர் நம் நாய்க்கு ஒட்டிக்கொண்டதைப் போலவே. கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தபோது, 1938-இல், ஜப்பானிய ஆட்சியே அந்த நாயை இயற்கை நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. விடுதலைக்குப் பிறகு 1962-இல் கொரிய அரசு தன் சட்டத்தின் கீழ் அதே தகுதியை மறுபடி கொடுத்தது. இயற்கை நினைவுச்சின்னம் எண் 53 என்பது அப்போது அதற்குக் கொடுத்த அரசு அடையாளம். பழைய கோயிலுக்கும் ஆயிரம் வருட மரத்துக்கும் கொடுக்கிற மரியாதை ஒரு நாய்க்கு. அதோடு விடவில்லை. 1967-இல் அந்த ஒரே ஒரு நாய் இனத்தைக் காப்பதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். தீவில் பிறக்கும் குட்டியைப் பதிவு செய்யவேண்டும். வளர்ந்த நாயை அதிகாரிகள் சோதித்துப் பார்த்து இனத்தின் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்று சொல்வார்கள். தோலுக்கடியில் சிப் வைப்பார்கள். 1984-இல் பாலம் கட்டித் தீவை நிலத்தோடு இணைத்த பிறகும் நாயை நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது, வெளிநாயை நினைத்தபடி உள்ளே கொண்டுவரவும் முடியாது. 2005-இல் உலக நாய்க்கழகங்களின் கூட்டமைப்பு அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

1993-இல் அந்தத் தீவின் ஒரு வெள்ளை நாயை டேஜான் என்ற தொலைதூர நகரத்துக்கு விற்றார்கள். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். ஏழு மாதம் கழித்து எலும்பும் தோலுமாக அது பழைய வீட்டு வாசலில் வந்து நின்றது. கொரியா முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது; அந்தத் தீவில் அதற்குச் சிலை இருக்கிறது. இதைக் கேட்டதும், “எங்க தாத்தா வச்சிருந்த நாயும் இப்படித்தான், கமுதியில விட்டா மறுநாள் காலையில வீட்டுல நிக்கும்” என்று உங்களில் பாதிப்பேர் ஆரம்பிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கதையில் நமக்குக் குறைச்சல் இல்லை. ஜிண்டோவைக் காப்பாற்றியது கதையல்ல; பதிவேடு.

அதே நாட்டில் பதிவேடு இல்லாமல் கிடந்த இன்னொரு நாய்க்கு என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். சப்சாலி என்று ஒரு சடைநாய். முகத்தை மூடி மயிர் தொங்கும். பேய் பிசாசை விரட்டும் என்று கொரியர்கள் நம்பிய நாய் அது. ஜப்பானியர் காலத்தில் போர்வீரர்களின் உடுப்புக்குத் தோல் வேண்டும் என்று அதைக் கூட்டம் கூட்டமாக அடித்தார்கள். 1960-களின் கடைசியில் கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூலைமுடுக்கெல்லாம் தேடிச் சுமார் முப்பது நாய்களைச் சேர்த்தார்கள். பிறகு கவனிப்பாரில்லாமல் 1980-களின் நடுவில் அதுவும் எட்டாகக் குறைந்தது. ஹா ஜி-ஹோங் என்ற மரபியல் பேராசிரியர் அந்த எட்டிலிருந்து தொடங்கினார். எதோடு எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக்கூடாது என்று கணக்குப் பார்த்து இனத்தை மீட்டார். 1992-இல் அதுவும் இயற்கை நினைவுச்சின்னமாயிற்று, எண் 368. குட்டைவால் கொண்ட கியோங்ஜு டோங்கியோங்கி என்ற இன்னொரு நாய் 2012-இல் அதே வரிசையில் சேர்ந்தது. எட்டு நாய்க்கு வந்துவிட்ட பிறகு விழித்துக்கொள்வதற்கும், இன்னும் ஊருக்குப் பத்து நாய் இருக்கும்போதே விழித்துக்கொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கொரியா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் காப்பது அந்தத் தீவுக்குள் இருக்கும் பதிவான நாயை மட்டும்தான். வெளியே பிறந்த ஜிண்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. அந்தத் தீவிலேயே 2021-இல் ஓர் இறைச்சி நாய்ப் பண்ணையிலிருந்து ஜிண்டோ நாய்களை விலங்கு நல அமைப்புகள் மீட்டன. நினைவுச்சின்னம் என்று ஒரு கையால் எழுதி, இன்னொரு கையால் கறிக்கடைக்கு அனுப்பிய நாடு அது; 2024 ஜனவரியில்தான் நாய் இறைச்சித் தொழிலைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள், அதுவும் 2027-இல்தான் முழுதாக நடைமுறைக்கு வரும். ஆக, அரசு முத்திரை மட்டும் நாயைக் காப்பாற்றிவிடாது. வளர்க்கிறவர் காப்பாற்றினால்தான் உண்டு.

இப்போது நம் முத்திரைகளுக்கு வருவோம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் மாவட்டத்து ராஜபாளையமும் ஒன்று. 2020-இல், அரியானா மாநிலம் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதல்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தது. முதல் மூன்று பெயர்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல். இந்தியா முழுவதிலும் முதலில் பதிவான மூன்றில் இரண்டு விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள். வானம் பார்த்த பூமி என்று ஏளனமாகப் பேசப்படும் ஒரு மாவட்டத்துக்கு இது சின்னப் பெருமையல்ல. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாயை வளர்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கிராக்கி ஏறியது. பெட்டைக்கு ஓய்வு போயிற்று. பெருமைக்கு வாங்கியவர் இரண்டு படுக்கையறை அடுக்குமாடியில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். அது சோபாவைக் கிழித்தது, கதவைப் பிறாண்டியது. ஒரு நாள் காரில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஊரே தெருநாய் என்றால் கொதிக்கிற இந்தக் காலத்தில் நம் கரிசல் நாய் தெருநாய்க் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

பதிவு என்பதை நாம் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். கர்னாலில் பதிவானது சிப்பிப்பாறை என்ற இனம். உங்கள் வீட்டு நாயல்ல. இப்படி ஓர் இனம் உண்டு, இன்ன நிலப்பகுதியில் உண்டு, இன்ன குணம் உள்ளது என்பதற்கான அடையாளம் அது. கொரியச் சட்டம் மாதிரி ஒரு பாதுகாப்பு அதற்குள் இல்லை. யாரும் வந்து உங்கள் குட்டியைச் சோதிக்கப்போவதில்லை. கலப்புக்குட்டியை அசல் என்று விற்பவரைப் பிடிக்கப்போவதும் இல்லை. 2020-இன் அந்த மூன்றில் கன்னி இல்லை, கோம்பையும் இல்லை என்பதையும் கவனியுங்கள். கயத்தாறு, கோவில்பட்டி பக்கமும் நம் பக்கமும் காலங்காலமாக வளர்த்துவரும் கன்னிக்கு ஏன் இடமில்லை என்று கேட்கப் போனால், முதலில் நம்மைத் திருப்பிக் கேட்பார்கள்: கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றா, இரண்டா?

இந்தச் சண்டை டீக்கடையில் எத்தனை முறை நடந்திருக்கிறது! கறுப்பு உடம்பும் செம்பழுப்புக் காலும் இருந்தால் கன்னி. மயிலை, சாம்பல், செவலை, சந்தனம் என்றால் சிப்பிப்பாறை. நிறந்தான் வித்தியாசம் என்பார் ஒருவர். உடம்பு வாகே வேறு, குணமும் வேறு என்பார் இன்னொருவர். ஒரே ஈத்தில் இரண்டும் விழுவதைக் கண்ணால் பார்த்தேன் என்பார் மூன்றாமவர்; அது அவர் வீட்டு நாய் கலந்ததால் விழுந்தது என்று எழுந்து போவார் நாலாமவர். பேசிப் பேசி இதைத் தீர்க்க முடியாது. எந்தக் கடுவனையும் எந்தப் பெட்டையையும் சேர்த்தபோது என்ன நிறம் எத்தனை விழுந்தது என்று பத்து வருடம் பத்து ஊரில் எழுதிவைத்திருந்தால், அந்த நோட்டுகளை மேசையில் போட்டுவிட்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். விஞ்ஞானிகள் வந்து படித்துக்கொள்வார்கள்.

அரசு செய்யட்டுமே என்பீர்கள். அரசும் செய்து பார்த்ததுதான். சென்னை சைதாப்பேட்டையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து கால்நடைத் துறை நாட்டு நாய்களுக்கென்று ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலைமையைச் சொல்லி விலங்கு நல அமைப்பு வழக்குப் போட்டது. 2016-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2024-இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெளிநாட்டு இனங்கள் சிலவற்றை இனப்பெருக்கம் செய்யத் தடை என்றதும் சத்தம் கிளம்பியது, கொள்கை கிளம்பிய வேகத்தில் திரும்பிப் போயிற்று. வெம்பூர் ஆட்டுக்குச் சாத்தூரில் அரசுப் பண்ணை இருக்கிறது. காளைக்காக 2017-இல் மெரினாவில் கூடினோம், சட்டத்தையே திருத்தவைத்தோம். அந்தக் காளையோடு அதே கிராமத்தில், அதே தொழுவத்தின் வாசலில் படுத்துக்கிடந்த நாய்க்கு ஒரு குரலும் எழவில்லை. இதில் எனக்கு அரசின் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அரசு விழித்துக்கொண்டு வரும் நாளில் அதன் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு தாளும் இல்லை என்பதில் அதைவிடக் கோபம் இருக்கிறது.

முயலைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். நம் நாயின் ஓட்டத்தைச் செதுக்கியது முயல்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் முயல் இருக்கிறது. நாயை விட்டுப் பிடித்தாலும் வலை வைத்துப் பிடித்தாலும் குற்றம் குற்றம்தான். பொங்கலுக்கு மறுநாள் கூட்டமாகக் கிளம்பிப்போய், பிடித்த முயலைத் தோளில் போட்டுப் படம் எடுத்துப் போடுகிற தம்பிகளே, அந்தப் படத்தால் வனத்துறைக்கு உங்கள் முகம் கிடைக்கிறது; நம் நாய்க்குக் களவாணி நாய் என்ற பெயர் கிடைக்கிறது. நாளைக்கு இந்த இனத்துக்குப் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்கும்போது, எதிர்த்தரப்பில் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள்.

வேட்டை இல்லாவிட்டால் நாய்க்கு வேலை இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கீதாரிமாருக்கு இது தெரியும். கிடையைப் போட்டுவிட்டு அசந்து படுக்கிற ராத்திரியில் நரி வந்தாலும் களவாணி வந்தாலும் முதலில் எழுந்து நிற்பது எது? மிளகாய்க் காட்டிலும் மக்காச்சோளத்திலும் பன்றி இறங்குவதைச் சத்தம் போட்டு உணர்த்துவது எது? முதோல் நாயை 2016-இல் ராணுவம் மீரட்டில் உள்ள தன் கால்நடைப் பிரிவுக்கு எடுத்துப் பழக்கியது. கர்நாடகத்தில் முதோலுக்குப் பக்கத்திலேயே திம்மாபூரில் அதற்கென ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாயின் சொந்த ஊரிலேயே மையம் என்பதைப் பாருங்கள். ஓட்டம் பார்க்க ஆசையா? தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து ஓடவிடுங்கள். உயிர் போகாது, வழக்கும் வராது, எந்த நாய் எவ்வளவு ஓடியது என்று கடிகாரமும் பொய் சொல்லாது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. பாட்டன்மார் குட்டியை விற்கவில்லை, உண்மை. மாமன் மச்சான், பங்காளி, சம்பந்தி வீட்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். பெட்டைக்குட்டியைக் கண்டவர் கையில் கொடுக்கவில்லை. அதனால்தான் இனம் இந்தச் சிறு வட்டாரத்துக்குள் கலையாமல் நின்றது. ஆனால் ஒரு ஈத்தில் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டதும் அதே பாட்டன்மார்தான். வட்டம் சிறியதாகி, அண்ணன் தங்கையையும் அப்பன் மகளையும் சேர்க்க நேர்ந்ததும் அப்போதுதான். நெருங்கிய இரத்தம் சேரச் சேரக் குட்டி குறையும், நோய் கூடும். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குக் காது கேட்காமல் போவதை நீங்கள் அறிவீர்கள். தோலில் நிறமி இல்லாத மரபு உள்செவியிலும் நிறமியைக் கொண்டுபோகாததால் வரும் கோளாறு அது. வெள்ளையையே வெள்ளையோடு கண்மூடிச் சேர்த்தால் அது பெருகும். எதைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்க, போன ஈத்தின் கணக்கு கையில் இருக்கவேண்டும்.

பாட்டன்மாரின் பழக்கத்தில் இன்னொன்றையும் விட்டுவிடலாம். காது அறுப்பது. சண்டையில் பிடி கொடுக்காது, பார்க்க மிடுக்காக இருக்கும் என்று காரணம் சொல்வீர்கள். காது அறுபட்ட நாய் அறுபடாத நாயைவிட ஓர் அடிகூட முன்னால் ஓடியதில்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

சட்டம் என்றதும் முகம் சுளிக்கவேண்டாம். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளை ஒருமுறை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெட்டைக்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் பதிவு செய்துகொள்ளவேண்டும், கணக்கு வைத்திருக்கவேண்டும். நல்ல நாய்க்காரர் எவரும் சட்டம் இல்லாமலே செய்கிற காரியம்தான் இதில் பாதி. மீதிப் பாதியைத்தான் நான் உங்களிடம் கேட்க வந்தேன்.

வேண்டுகோள் இதுதான். ஈத்துப் பேரேடு ஒன்று தொடங்குங்கள்.

நமக்கு இது புதிய வித்தையல்ல. கல்யாணத்திலும் காதுகுத்திலும் யார் என்ன செய்முறை செய்தார் என்று எழுதிய மொய் நோட்டை நாற்பது வருடம் கழித்தும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிற சனங்கள் நாம். கொடுக்கல் வாங்கலில் ஒரு ரூபாய் பிசகாது. அந்த நோட்டு மாதிரி ஒன்று, நாய்க்கு. சேர்த்த தேதி, தாயின் பெயர், நிறம், தகப்பன் யார் வீட்டுக் கடுவன், எத்தனை குட்டி விழுந்தது, எத்தனை கடுவன், எத்தனை பெட்டை, என்னென்ன நிறம், எத்தனை செத்தது, எது யாருக்குப் போனது. இரண்டு பக்கத்திலும் படம் எடுத்து ஒட்டிவையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியை அதிலேயே எழுதுங்கள். குட்டியை வாங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்து, வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அப்படி எழுதித் தருகிறவருக்கு விலை கொஞ்சம் குறைத்தாலும் தப்பில்லை.

விற்கிறவரின் நோட்டை விற்கிறவரே வைத்திருந்தால் யார் நம்புவார் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால் ஊருக்கு ஒன்று பொதுவாக இருக்கட்டும். பரளச்சியில் தொடங்குங்கள், அடுத்து உங்கள் உங்கள் ஊரில். சேர்க்கை நடக்கும்போது நாய் விற்காத ஒருவர் சாட்சியாக நின்று கையெழுத்துப் போடட்டும். பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம், கால்நடை மருந்தக ஊழியராக இருக்கலாம். ஊர்கள் தங்களுக்குள் கடுவனை மாற்றிக்கொள்ளட்டும், நெருங்கிய இரத்தம் சேராமல் இருக்க. கலப்பு நாய் வைத்திருப்பவரை ஊர்விலக்கம் செய்ய நான் சொல்லவில்லை. கலப்பு என்றே எழுதுங்கள், அவ்வளவுதான். அந்த நாயும் சோறு தின்கிற உயிர்தானே. அசல் என்ற பெயரில் அது விலைபோகாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. ஜிண்டோத் தீவுக்குச் சுற்றிலும் கடல் இருக்கிறது. நமக்கு இருப்பது அருப்புக்கோட்டைப் பேருந்து. நல்ல பெட்டைக்குட்டிகளெல்லாம் வெளியூர் போய்விட்டால், ஐந்து வருடம் கழித்து நம் ஊர்க் கடுவன்கள் யாரோடு சேரும்? ஒவ்வொரு ஈத்திலும் ஒரு பெட்டையையாவது இந்த வட்டாரத்துக்குள் நிறுத்துங்கள். நீங்களே வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால் கிடைக்காரர் யாருக்காவது கொடுங்கள். அதன் முதல் ஈத்தில் ஒரு குட்டி உங்களுக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். ஆட்டை வாரத்துக்கு விடுவது நமக்குத் தெரியாததா?

மூன்று வருடம் இப்படி எழுதிவிட்டால், பத்து ஊர் நோட்டுகளை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலில் நாம் நிற்கலாம். கன்னியைப் பதிவுக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்கலாம். ஆட்சியரிடம் போய், மையம் வைப்பதானால் சென்னையில் வேண்டாம், நாய் பிறக்கிற ஊரில் வையுங்கள் என்று கேட்கலாம். இந்த நாயைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் கேட்கலாம். வெறுங்கையோடு போனால் மனுவை வாங்கி ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். அந்த அனுபவம் குடிமராமத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைந்த உங்களுக்கு என்னைவிட அதிகம்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்போது பெட்டை சினையாக இருக்கும். அந்த ஈத்திலிருந்தே எழுதுங்கள். பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பேத்தியை எழுதச் சொல்லுங்கள். குட்டிக்கு முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அதன் தாய் தகப்பன் பெயரை நோட்டில் ஏற்றுங்கள்; அந்த ஈத்தின் ஒரு பெட்டைக்குட்டியை ஊரைவிட்டு அனுப்பாதீர்கள்.